பை தூக்குகிறவன் நண்பனா?

கேள்வி: ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன் படிக்கிறான். வாக்கர் பிடித்து நடப்பான், பேச்சு மெதுவாக வரும். துணைக்கு வகுப்பு லீடரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பை தூக்குகிறான், தண்ணீர் பிடித்துத் தருகிறான்; மணி அடித்ததும் விளையாட ஓடிவிடுகிறான். இவன் அம்மாவோடு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், வியாசர்பாடி, சென்னை

பதில்: லீடரைத் திட்டிவிடாதீர்கள், டீச்சர். நீங்கள் அவனுக்குக் கொடுத்தது வேலை. மணி அடித்தால் வேலை முடிந்தது, ஓடுகிறான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை வேறென்ன செய்வான்?

நானும் இதே தப்பைச் செய்தவள்தான். காது கேளாத ஒரு பெண்ணுக்கு ஒருத்தியைத் துணையாகப் போட்டேன். ஒரே மாதத்தில், அந்தப் பெண்ணிடம் யாரும் நேராக எதையும் கேட்பதில்லை என்றாகிவிட்டது. "மிஸ், அவளுக்குப் பேனா வேணுமாம்" என்று எல்லாம் துணைக்காரி வழியாகத்தான். ஆகவே இனி யாராவது "அவனுக்குத் தண்ணி வேணுமா மிஸ்?" என்று வந்தால், "அவனையே கேளு" என்று சொல்லுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை நடுவில் புகுந்து வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். அரை நிமிஷம் ஆகட்டுமே.

அடுத்தது அம்மா. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பாவம், வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருகிறார். ஆனால் பெரியவர் ஒருவர் ஒட்டியே இருந்தால் பிள்ளைகள் கிட்டே வரமாட்டார்கள். அமெரிக்காவில் ஜியான்கிரேகோ என்பவரும் அவருடைய குழுவினரும் 1997-லேயே இதை எழுதிவிட்டார்கள், அங்கே சம்பளத்துக்கு வரும் உதவியாளர்களைப் பார்த்து. உங்கள் பையனுக்கு விழுங்குவதில் சிரமம் இல்லையென்றால், அம்மா வராந்தாவின் அந்தக் கோடியில் உட்காரட்டும். சிரமம் இருந்தால் பக்கத்திலேயே இருக்கட்டும், தட்டோடு இன்னும் நாலு பேரும் அங்கே வரட்டும்.

பி.டி. பீரியடில் அவனை மரத்தடியில் உட்கார வைக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பல பள்ளிகளில் அதுதான் வழக்கம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாடத்தோடு விளையாட்டையும் மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுக்கச் சொல்கிறது. தலைமையாசிரியரிடம் பேசும்போது 16-வது பிரிவு என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், இடைவேளைக்கு ஒரு யோசனை: புக் கிரிக்கெட். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன், பூஜ்யம் வந்தால் அவுட். கை நடுங்கிப் புத்தகம் எங்கே திறந்தாலும் சரி, ஆட்டமே அதுதானே! யாருக்கும் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேரைச் சேர்த்துவிட்டு நீங்கள் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுங்கள். கணக்குப் புத்தகம் மட்டும் வேண்டாம், இரண்டு நாளில் கிழிந்துவிடும். போன வருஷத்து சமூக அறிவியல் போதும்.