ஜன்னல் கம்பியில் ஒரு டம்ளர்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். எனக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். வேலைக்காகப் பெங்களூரு வந்து ஆறு வருஷம் ஆகிறது, லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். இங்கே ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறேன். ஆனால் மூன்று மாதமாக, அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து எடுக்கவில்லை. பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன்.

சபை நிர்வாகத்தைப் பார்க்கிற எங்கள் பாஸ்டரேட் கமிட்டியில் ஒருவர் இருக்கிறார். ஞாயிறுதோறும் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணீரோடு ஜெபிப்பார். தேர்தல் வந்தால் தன் சாதிக்காரர்களைத் தனியாகக் கூட்டி ஓட்டுக் கேட்பார். மகனுக்குப் பெண் தேடிக் கொடுத்த விளம்பரத்தில் முதலில் போட்டதே சாதியைத்தான். பாடகர் குழுவில் ஒரு பெண். சர்ச் ஸ்ட்ரீட்டில் ஏதோ ஒரு பப்பில் கையில் கிளாஸோடு அவள் நிற்கும் போட்டோ சபை முழுக்கச் சுற்றியது, எனக்கும் வந்தது. அடுத்த ஞாயிறு ஒன்றும் நடக்காத மாதிரி வெள்ளைச் சேலையில் வந்து பாடுகிறாள்.

இவர்களோடு ஒரே அப்பத்தில் எப்படிக் கை வைப்பது? நான் பரிசுத்தவான் என்று சொல்லவில்லை, ஆனால் வேஷம் போடவில்லை. 'தன்னைத்தானே சோதித்தறிந்து' என்று பவுல் எழுதியதை இவர்கள் யாரும் வாசித்ததே இல்லையா? என் பெயர் வேண்டாம் அக்கா.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து இதை எழுதுகிறேன். நீங்கள் கண்டது குற்றம்தான். கிறிஸ்துவின் சபையில் சாதி சொல்லி ஓட்டுக் கேட்பது பாவம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. இப்படி ஒன்றை யாராவது சுட்டிக்காட்டினால் உடனே 'மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்' என்று வசனத்தை எடுத்து வாயை அடைப்பவர்களை எனக்கும் பிடிக்காது. மத்தேயு 7-ல் ஆண்டவர் துரும்பை அப்படியே விட்டுவிடு என்று சொல்லவில்லை. முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய் என்கிறார். துரும்பும் எடுக்க வேண்டியதே.

பிள்ளையின் கண்ணில் தூசி விழுந்தால் அம்மா முந்தானை நுனியைத் திரித்து எடுப்பாள். முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, கை நடுங்காமல், பிள்ளை கண்ணைச் சிமிட்டினால் பொறுத்து நின்று எடுப்பாள். எட்ட நின்றுகொண்டு யாரும் யார் கண்ணிலும் தூசி எடுக்க முடியாது. மத்தேயு 18-ல், 'நீயும் அவனும் தனித்திருக்கையில்' போய் உணர்த்து என்றும் இருக்கிறது. அந்தக் கமிட்டிக்காரரிடம் நீங்கள் தனியாகப் பேசினீர்களா? பேசியதாகக் கடிதத்தில் இல்லை. ஊர் பேர் தெரியாத எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்தப் போட்டோ. அந்தப் பெண் செய்தது சரியா தப்பா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. அவளுக்குத் தெரியாமல் யாரோ எடுத்திருக்கிறார்கள், அது கை மாறிக் கை மாறி உங்கள் போனுக்கும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அது எங்கே போனது? அழித்தீர்களா, இன்னொருவருக்கு அனுப்பினீர்களா, இன்னும் அதிலேயே இருக்கிறதா? கடிதத்தில் நான் திரும்பத் திரும்பத் தேடியது இந்த ஒரு வரியைத்தான். நம் சபைகளில் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறோம். "அந்தப் பிள்ளைக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கோங்க" என்று ஆரம்பித்தால் போதும், எந்த வீட்டுக் கதையையும் யாரிடமும் சொல்லலாம், புறங்கூறுவது ஜெபக்குறிப்பாகிவிடும். நானும் இப்படி எத்தனையோ பேரை ஜெபக்குறிப்பாக்கியிருக்கிறேன்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காக்ஸ் டவுனில் இருக்கிறோம். வீட்டு வேலைக்கு ஓர் அம்மா வருகிறார், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், ஒன்பது வருஷமாக வருகிறார். போன வருஷம் எங்கள் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் நான் பேசினேன். நீங்கள் சொல்கிற மாதிரியே ஒரு குடும்பம், சாதி பார்த்துப் பெண் எடுத்தார்கள். பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் புரியும்படி, காரசாரமாகப் பேசினேன். நல்லா சொன்னீங்க என்று நாலைந்து பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் என் தங்கை மகள் வந்திருந்தாள், ஏழு வயது. அந்த அம்மா பாத்திரம் கழுவி முடித்துத் தண்ணீர் கேட்க, அவள் ஓடிப்போய் அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து மொண்டு கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. "இது வேணாம் கண்ணு, என் டம்ளர் அங்க ஜன்னல்ல இருக்கு" என்றார். கோபமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. சோப்பு டப்பா அங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

சிங்க்குக்கு மேலே ஜன்னல் கம்பிக்குள், விளிம்பு நசுங்கின ஓர் எவர்சில்வர் டம்ளர். அதை அங்கே வைத்தது யார்? எனக்கு நினைவே இல்லை. வேறு யார் வைத்திருப்பார்கள், என் அடுக்களை அது. ஒன்பது வருஷம் தினமும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி ஆற்றியிருக்கிறேன். சங்கத்தில் பேசிய மூன்றாம் நாள் அது என் கண்ணில் பட்டது.

இப்போது உங்கள் வசனத்துக்கு வருகிறேன். 1 கொரிந்தியர் 11:28, 'எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து'. நாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறோம். ஏழு வசனம் மேலே போய்ப் பாருங்கள். கொரிந்து சபையார் ஒன்றாகச் சாப்பிடக் கூடுகிறார்கள். வசதி உள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.' 'இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?' என்று பவுல் கேட்பது இதைத்தான். சோதித்தறியச் சொல்வது அதற்குப் பிறகு. பக்கத்தில் இருக்கிற எளியவரை நான் எப்படி நடத்தினேன் என்பதிலிருந்து அந்தச் சோதனை ஆரம்பிக்கிறது. எனக்கு அது ஒரு டம்ளரிலிருந்து ஆரம்பித்தது.

நம் முன்னோர்கள் கதையும் இதில் இருக்கிறது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதி, சாதி வேற்றுமையை உடனே, முழுக்கக் கைவிட வேண்டும் என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஞானஸ்நானம் பெற்று, வேதம் வாசித்து, உருகி உருகிப் பாடினவர்கள்தான் அவர்களும். இதைப் படித்த காலத்தில் எப்படிப்பட்ட ஜனங்கள் என்று அவர்கள்மேல் ஆத்திரப்பட்டேன். இன்று அவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

டம்ளரை எடுத்துப் பழைய சாமானோடு போட்டுவிட்டேன். மறுநாள் அந்த அம்மா வந்து ஜன்னலைத் தடவினார். இனிமேல் எதில் வேண்டுமானாலும் குடிங்கம்மா என்றேன். ஏன், என்ன ஆச்சு என்று பயந்துபோனார். பிறகு குடித்தார், உதட்டில் படாமல் அண்ணாந்து. அவர் போன பிறகு அந்த டம்ளரைக் கழுவினேன். என் கை இரண்டாவது தடவை சோப்பை எடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன் தம்பி. வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம், கைக்கு அது இன்னும் எட்டவில்லை.

குணம் என்பது அங்கேதான் இருக்கிறது. கலாத்தியர் 5-ல் அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று தொடங்கி இச்சையடக்கம் வரை ஆவியின் கனியாக ஒன்பதைப் பவுல் சொல்கிறார். இதெல்லாம் எனக்கு இருக்கிறதா என்று என்னையே கேட்டால் சாதகமான பதில்தான் வரும். அதனால் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி, ஒன்பதில் ஒன்றை மட்டும் எடுத்து வீட்டில் இருக்கிறவர்களிடம் கேட்கிறேன். "இந்த மாசம் எனக்கு நீடியபொறுமை இருந்துச்சா?" என் கணவர் யோசித்துப் பதில் சொல்வார். மகள் யோசிப்பதில்லை. கேட்டுக்கொண்டிருப்பது கஷ்டமாகத்தான் இருக்கும். எதிர்வாதம் செய்யாமல் இருக்கப் பழகவே எனக்குப் பல மாதம் ஆனது. உங்களுக்கு இங்கே குடும்பம் இல்லையென்றால் அறைத் தோழரைக் கேளுங்கள். ஹென்னூர் ரோட்டு நெரிசலில் உங்களோடு வண்டியில் வருகிறவரைக் கேளுங்கள். வாட்ச்மேனிடம் கேட்கவே வேண்டாம், நீங்கள் வரும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

யோவான் 21-ல் பேதுரு, பின்னால் வருகிற இன்னொரு சீஷனைப் பார்த்து, 'ஆண்டவரே, இவன் காரியம் என்ன?' என்று கேட்கிறான். மூன்று தரம் மறுதலித்து, அப்போதுதான் மன்னிப்புப் பெற்றவன், அதற்குள் திரும்பி அடுத்தவனைப் பார்க்கிறான். 'உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா' என்றார் ஆண்டவர். அதட்டலாக இருந்திருக்குமோ என்று முன்பு நினைப்பேன். இப்போது அதைத் தோளில் கை போட்டுத் திருப்பிவிடுகிற குரலாகக் கேட்கிறேன்.

அடுத்த திருவிருந்துக்கு எழுந்து வெளியே வராதீர்கள். அந்தக் கமிட்டிக்காரரிடம் பேச வேண்டியதை அதற்கு முன்னால் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, பேசிவிடுங்கள். அவர் கேட்பாரா மாட்டாரா தெரியாது. பீடத்துக்கு முன்னால் அவர் உங்கள் பக்கத்தில் முழங்கால்படியிட வந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். எங்கள் சபையில் இன்றும் ஒரே பாத்திரம்தான், முன்னால் குடித்தவரின் உதடு பட்டுத்தான் எனக்கு வருகிறது. உங்கள் சபையிலும் அப்படியாக இருந்தால், அது அவரிடமிருந்து உங்களுக்கு வரட்டும்.

போட்டோ என்ன ஆனது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா