நயாகரா இரட்டைப் படங்கள்: கேள்வி பதில்

நயாகரா அருவியைக் காட்டும் 19-ஆம் நூற்றாண்டின் ஸ்டீரியோ கார்டுகள், அதாவது ஒரே அட்டையில் பக்கம் பக்கமாக ஒட்டிய இரட்டைப் படங்கள் பற்றி வந்த கேள்விகள். பார்வைக்கருவியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, காட்சி ஆழத்தோடு தெரியும்.

அருவி ஏன் பஞ்சுப் பொதி மாதிரி தெரிகிறது?

அன்று படமெடுத்தது ஈரக் கொலோடியன் தகட்டில், அதாவது கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் பூசி, ஈரம் காயுமுன் பயன்படுத்தும் கண்ணாடித் தகட்டில். அதற்கு ஒளியை உணரும் வேகம் குறைவு. நல்ல வெயிலிலும் பெரும்பாலும் விநாடிக் கணக்கில் ஒளி காட்ட வேண்டும். அதற்குள் தண்ணீர் வெகுதூரம் விழுந்துவிடும். நீல ஒளியை மட்டுமே உணர்வதால் வானம் வெறும் வெள்ளை, இலைகள் கறுப்பு.

ஒரே லென்ஸை நகர்த்தி இரண்டு தடவை எடுத்தால் போதாதா?

பாறைக்குப் போதும், அருவிக்குப் போதாது. இரண்டாவது படம் எடுப்பதற்குள் சாரல் வடிவம் மாறிவிடும். பார்வைக்கருவியில் இரு கண்ணுக்கும் வேறு வேறு சாரல் தெரியும். அந்த இடம் ஒன்று சேராமல் மினுக்கும். அதனால்தான் சுமார் 6.5 செ.மீ. இடைவெளியில் இரண்டு லென்ஸ் வைத்து, இரண்டையும் ஒன்றாகத் திறந்தார்கள். அந்த இடைவெளிக்குத் தூரத்து அருவி தட்டையாகத்தான் வரும். முன்னால் ஒரு ஆளோ மரக்கிளையோ இருந்தால்தான் ஆழம் பிறக்கும். 1853 முதல் நயாகராவின் அமெரிக்கக் கரையில் உள்ள பிராஸ்பெக்ட் பாயின்ட் என்ற இடத்தில் படமெடுத்த புகைப்படக் கலைஞர் பிளாட் பாபிட்டின் படங்களைப் பாருங்கள்: விளிம்பில் பயணிகள், அவர்களுக்குப் பின்னால் அருவி. ஸ்டீரியோவுக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது.

பழைய நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டேன். அருவி முன்னாலும் ஆட்கள் பின்னாலும் தெரிகிறார்கள்!

இடமும் வலமும் மாறி நிற்கின்றன. ஒவ்வொரு லென்ஸும் தன் படத்தைத் தலைகீழாக விழவைக்கிறது. தகட்டை நிமிர்த்தும்போது படங்கள் பக்கம் மாறிவிடும். பிரிண்டை நடுவே வெட்டி இடம் மாற்றி ஒட்டுங்கள். வெட்டுமுன் கிட்டத்தில் உள்ள ஒரு கம்பத்தைக் கவனியுங்கள். பின்னணியோடு ஒப்பிட்டால் இடப்பக்கப் படத்தில் அது சற்று வலப்புறம் தள்ளி நிற்க வேண்டும். ஏற்கெனவே அப்படி இருந்தால் வெட்டாதீர்கள். சில நெகட்டிவ்களை அந்தக் காலத்திலேயே வெட்டி மாற்றியிருப்பார்கள். அவற்றை மறுபடி மாற்றினால் கெட்டுப்போகும்.

அருவிக் கரையிலேயே இருட்டுக் கூடாரம் எதற்கு?

கொலோடியனை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தை வடிக்க வேண்டும். படலம் பிசுக்கென்று ஆனதும் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் சுமார் 3 நிமிடம். பிறகு ஒளி காட்டி, இரும்பு சல்பேட்டால் உருத்துலக்க, அதாவது படத்தை வெளிப்படச் செய்ய வேண்டும். எல்லாம் தகடு காயுமுன், ஏறக்குறைய 10 நிமிடத்துக்குள். காய்ந்தால் உணர்திறன் போய்விடும். பிறகு ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்), அல்லது கொடிய விஷமான பொட்டாசியம் சயனைடு கொண்டு படத்தை நிலைநிறுத்தினார்கள். லென்ஸில் சாரல் துளி விழுந்தால் படம் அங்கே மங்கும்.

கார்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்புறம் அமெரிக்க வரி முத்திரைத் தலை இருந்தால் 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையே விற்றது. வளைந்த அட்டை ஏறத்தாழ 1880-க்குப் பிந்தையது. ஆனால் ஒரே நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் பிரிண்ட் போட்டார்கள். அட்டையின் வயதைப் படத்தின் வயதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.