ஹாம்ப்டன் காகிதங்களில் அடிமைகளின் பெயர்களைத் தேடுவது பற்றி

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படையில் இருந்த தளபதி வேட் ஹாம்ப்டனின் மிசிசிப்பி தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களைத் தேடியதில், 1860 கணக்கெடுப்பில் வயதும் பாலினமும்தான் கிடைத்தன, பெயர்கள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டியல் அப்படித்தான். உடைமையாளரின் பெயரை எழுதிவிட்டு மனிதர்களை எண்ணிக்கையாக்கிவிட்டார்கள். மனம் தளராதீர்கள்.

தளபதியின் போர்க்காலக் கடிதங்களை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். தோட்டக் குடும்பங்களின் காகிதக் கட்டுகளில் பெயர்கள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் வரவுசெலவுக் காகிதங்களில்தான்: போர்வையும் காலணியும் கொடுத்த பட்டியல், ஒவ்வொருவரும் பறித்த பருத்தியின் எடை, உயில், சொத்து மதிப்பீடு. எல்லாவற்றிலும் முக்கியமானது அடமானப் பத்திரம். கடனுக்கு ஈடாக மனிதர்களையே எழுதிக் கொடுத்த காலம் அது. அதனால் பெயரையும் வயதையும் குறித்தார்கள். படிக்கும்போது நெஞ்சு கனக்கும், ஆனாலும் வரி விடாமல் படியுங்கள். குடும்பக் கட்டில் இல்லாவிட்டால் மிசிசிப்பியின் வாஷிங்டன் கவுண்டி (மாவட்டம்) பத்திரப் பதிவேடுகளில் அதன் நகலைத் தேடலாம். ஹாம்ப்டன் பெருங்கடனில் மூழ்கி 1868இல் திவாலானவர் என்பதால் நீதிமன்றக் காகிதங்களையும் விட்டுவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. பாட்டன், தந்தை, மகன் மூவருக்கும் ஒரே பெயர். பாட்டன் 1835இலும் தந்தை 1858இலும் இறந்தார்கள். தளபதி 1902 வரை வாழ்ந்தார். எனவே ஆண்டைப் பார்க்காமல் எந்தக் காகிதத்தையும் அவருடையது என்று முடிவு செய்யாதீர்கள்.

கிடைத்த பெயர்களை, விடுதலை பெற்றவர்களைப் பெயரோடு பதிந்த 1870 கணக்கெடுப்போடும், 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலை பெற்றவர்களுக்கான சேமிப்பு வங்கியின் (Freedman's Savings Bank) பதிவேடுகளோடும் ஒப்பிடுங்கள். வங்கிப் பதிவுகள் பலவற்றில் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்களும் உண்டு.