அந்தக் குத்துவாள் நாதிர் ஷாவுக்காகச் செய்ததா?

கேள்வி: மகன் ஜார்ஜியாவில், திபிலீசியில் மருத்துவம் படிக்கிறான். பழம்பொருள் சந்தையில் வெள்ளி உறை போட்ட ஒரு குத்துவாளைப் பார்த்துப் படம் அனுப்பினான். அலகில் அரபு எண்ணில் 1309, உறையில் 84 என்று முத்திரை. பக்கத்து மலைநாடான தாகெஸ்தானில் பாரசீக மன்னர் நாதிர் ஷாவுக்காகச் செய்தது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: பொருள் பிடித்திருந்தால் யோசிக்கலாம். நாதிர் ஷா பெயருக்காக ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

84 என்பது ரஷ்யப் பேரரசின் வெள்ளித் தர முத்திரை. 96 பங்கில் 84 பங்கு வெள்ளி, அதாவது 87.5 சதவீதம். நாதிர் ஷா கொல்லப்பட்டது 1747-ல். தாகெஸ்தானைப் பாரசீகம் ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்ததே 1813-ல்தான். 1309 ஹிஜ்ரி ஆண்டாக இருக்க வேண்டும்; நம் கணக்கில் 1891-92. பழைய அலகுக்குப் புது உறை போடுவது அங்கே சகஜம். இதில் இரண்டும் ஒரே காலத்தைக் காட்டுவது நல்ல அறிகுறி.

கடைக்காரர் கதைக்கும் ஒரு வேர் உண்டு. தாகெஸ்தான் மலையிலுள்ள குபாச்சி ஊர் ஆயுதத் தொழிலுக்குப் பேர்போனது. 10-ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் மஸ்ஊதி அந்த ஊராரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அன்று அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது இரும்பு வளையங்கள் கோத்த கவசம். துப்பாக்கி பரவியதும் கவசத்துக்கு மவுசு போனது. அப்புறம் அமுஸ்கி ஊரார் அலகு அடிக்க, ஹர்புக் ஊரார் துப்பாக்கி செய்ய, குபாச்சிக்காரர்கள் வெள்ளி வேலை பார்த்தார்கள். குபாச்சி வீட்டுச் சுவர்களில் பழைய பாரசீகப் பீங்கான் தட்டுகள் வரிசையாகத் தொங்கும். ஆயுதம் கொடுத்து வாங்கியவை என்பது ஊர்ப்பேச்சு. 1890-களிலோ பெரிய வாடிக்கையாளர்கள் ரஷ்ய அதிகாரிகளும், ரஷ்யப் பேரரசின் குதிரைப்படையில் இருந்த கசாக் (Cossack) வீரர்களும்தான். உங்கள் மகன் பார்த்ததும் அப்படி ஒருவர் இடுப்பில் இருந்திருக்கலாம்.

உறையின் கறுப்புக் கோலத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கி, செதுக்கிய குழியில் நிரப்பித் தேய்த்தது அது. தடவினால் வெள்ளியோடு சமமாக இருக்கும். நகத்தால் சுரண்டும்போது உதிர்ந்தால் வெறும் பூச்சு. முத்திரையில் 84-க்குப் பதில் 875 இருந்தால் சோவியத் காலத்திலோ அதற்குப் பிறகோ செய்த பொருள்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு வேலை இருக்கிறது. ஜார்ஜியாவிலிருந்து பழம்பொருளை வெளியே கொண்டுபோக அந்நாட்டுக் கலாசாரத் துறையின் அனுமதி தேவையா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். இந்திய ஆயுத விதிகளில் குத்துவாளும் ஆயுதம்தான், இறக்குமதிக்கு உரிமம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதை முடிக்காமல் பெட்டியில் வைத்து வந்தால் சுங்கத்தில் பறிபோகலாம், வழக்கும் வரலாம்.