வலிக்கு விஆர் கண்ணாடி வாங்கலாமா?

கேள்வி: ரப்பர் பால்வெட்டு வேலை செய்கிறேன். ஒரு வருடமாக இடுப்புவலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். விஆர் கண்ணாடி மாட்டினால் குறையும் என்று மகன் சொல்கிறான். ஆன்லைனில் வாங்கலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: விஆர் கண்ணாடி என்பது, மாட்டினால் வேறோர் இடத்துக்குள்ளேயே இருப்பதுபோல் கண்முன் காட்டும் கருவி. மகன் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் வலிக்கென்று தயாரித்தது வேறு, ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பது வேறு.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் தீக்காயக்காரர்களுக்குக் கட்டு மாற்றும்போது, பனிப்பந்து எறியும் 'ஸ்னோவேர்ல்ட்' என்ற விஆர் விளையாட்டைக் கண்ணில் மாட்டிவிட்டார்கள். கவனம் அங்கே போக, வலி குறைந்தது. உங்கள் வலி அந்த ரகம் அல்ல. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியில், புண் ஆறிய பிறகும் பல நேரம் நரம்புகள் அபாயமணி அடிப்பதை நிறுத்துவதில்லை. அதற்குப் பராக்குக் காட்டினால் போதாது, பழக்க வேண்டும். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் டயான் க்ரோமாலா குழு செய்த கருவியில் தோலின் ஈரத்தை சென்சார் அளக்கும். உடல் தளரத் தளர, கண்முன் தெரியும் காட்டுப்பாதையில் மூடுபனி விலகும்.

அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2021 நவம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு அனுமதித்த விஆர் கருவி ஈஸ்விஆர்எக்ஸ், 8 வாரப் பயிற்சி: 56 அமர்வுகள், ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிடம். அதைச் சோதித்த ஆய்வில் 30 சதவீதத்துக்கு மேல் வலி குறைந்தவர்கள் 66 சதவீதம். சிறப்புப் பயிற்சி இல்லாத ஒப்பீட்டுக் குழுவிலும் 41 சதவீதம் பேருக்குக் குறைந்தது, அதையும் மறக்க வேண்டாம். மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துத்தான் அனுமதி.

போனைச் செருகும் பெட்டியில் ரோலர்கோஸ்டர் வீடியோ பார்த்தால் குமட்டல்தான் மிஞ்சும்: ஓடுகிறோம் என்கிறது கண், உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது உட்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸும் மங்கும். கழுத்துவலி இருந்தால் அரைக்கிலோ பாரமே தொல்லை. வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கண்ணாடி இல்லாமலே தொடங்கலாம். தோட்டத்திலிருந்து வந்ததும் சாய்மான நாற்காலியில் உட்கார்ந்து, 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி விடுங்கள். தினம் 10 நிமிடம். கிறுகிறுத்தால் அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள். வேகத்தை மாற்றாமல் ஆழத்தைக் குறையுங்கள். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் தன்னையறியாமல் போனாலோ, அடைத்தாலோ, அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கணவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் வலிக்கிறது என்கிறார்.
– வாசகி, குளச்சல்

பதில்: பொய்வலி இல்லை அது. தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் சொன்ன வழி: இரு கால்களுக்கும் நடுவே, நல்ல கால் பக்கம் பார்க்க முகக்கண்ணாடியை நிறுத்துங்கள். எடுத்த கால் மறைந்திருக்க, நல்ல பாதத்தை மெல்ல அசைத்து பிம்பத்தைப் பார்க்கட்டும். தினம் 15 நிமிடம், 4 வாரம். கொலுசு, மெட்டி போல அடையாளம் எதுவும் நல்ல காலில் இருக்கக் கூடாது. இருந்தால் பிம்பத்தை மூளை நம்பாது.