ஒட்டு மீசையும் பல்லாரட் சிலேட்டும்

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் மாறுவேடப் போட்டி உண்டு. பத்துக் கட்டபொம்மன், எட்டு பாரதியார், ஏழு வேலுநாச்சியார் வருகிறார்கள். வெளிநாட்டில் இதைத்தான் 'வாழும் வரலாறு' என்று பாடமாகவே வைத்திருக்கிறார்களாமே, நாமும் பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்கிறார் எங்கள் தலைமை ஆசிரியர்.
– ஓர் ஆசிரியை, விருதுநகர்

பதில்: பெயரை மாற்றினால் போதாது. நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள். 34 வருஷம் வரலாறு நடத்தியவன் நான், இந்தப் போட்டிக்கு நடுவராக உட்காராத வருஷம் குறைவு. பாதி வசனத்தில் மீசை கழன்றுவிடும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே பையன் முழங்குவான், அதுவும் சினிமா வசனம். 'கட்டபொம்மன் கோட்டையில் அன்றைக்கு என்ன தானியத்தில் சோறு பொங்கியிருப்பார்கள்?' என்று ஒரு தடவை மேடையிலேயே கேட்டுவிட்டேன். பையன் அழுதுவிட்டான். அவன் அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

பழைய காலத்தை வாழ்ந்தே பார்க்கும் அந்த 'வாழும் வரலாறு' எப்படி இருக்கும் என்பதை ஆஸ்திரேலியாவில் பார்த்தேன். மகள் மெல்பர்னில் இருக்கிறாள். அங்கிருந்து பல்லாரட் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரப் பயணம். 1851இல் தங்கம் கிடைத்த ஊர். அந்த 1850களின் ஊரை அப்படியே மறுபடி கட்டி, 1970இல் 'சாவரின் ஹில்' என்று திறந்திருக்கிறார்கள். கொல்லுப்பட்டறை, வண்டிச் சக்கரம் செய்யும் இடம், மிட்டாய்க் கடை, சீனத் தொழிலாளர் கூடாரம் எல்லாம் இருக்கின்றன. வேடம் போட்டவர்கள் சும்மா நிற்பதில்லை. சக்கரம் செய்பவர் நிஜமாகவே சக்கரம் செய்கிறார்.

பேத்தியின் பள்ளியிலிருந்து அங்கே அனுப்பினார்கள். நீண்ட பாவாடை, மேலே ஏப்ரன், தலையில் துணிக் குல்லா. இரண்டு நாள் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்துப் பிள்ளையாகவே படிக்க வேண்டும். சிலேட்டு, மையில் தொட்டு எழுதும் பேனா, வரிசையில் நிற்பது, ஆசிரியரைக் கண்டால் பெண் பிள்ளைகள் முழங்காலை மடித்து வணங்குவது. கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு. 1960களில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான் படித்ததும் ஏறக்குறைய இதேதான். சிலேட்டைக் கோவை இலையால் தேய்ப்போம். அது ஒன்றுதான் பல்லாரட்டில் இல்லை.

இன்னொரு நாள் நானும் போனேன். தெருவில் ஒரு போலீஸ் வேடக்காரர் வழிமறித்து, 'எங்கே லைசென்ஸ்?' என்றார். தங்கம் தோண்ட மாதம் 30 ஷில்லிங், அதாவது ஒன்றரைப் பவுண்டு, கட்டி வைத்திருக்க வேண்டிய சீட்டு அது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். வேடிக்கைதான், ஆனால் ஒரு கணம் என் கை சட்டைப் பையைத் தடவியது. 1854 டிசம்பர் 3இல் அதே பல்லாரட்டில் யுரேகா என்ற இடத்தில் சுரங்கக்காரர்கள் அரசுப் படையோடு மோதி இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஏன் செத்தார்கள் என்பதற்கு அந்தக் கை தடவல் ஒரு நல்ல முன்னுரை. அடுத்த வருஷமே அந்த மாதச் சீட்டை ஒழித்து, ஆண்டுக்கு ஒரு பவுண்டு என்று ஆக்கினார்கள். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் யாருக்கு நினைவிருக்கும்?

கேள்வி: அதெல்லாம் பணக்கார நாட்டு வேலை. வாடகைக்கு வேடத் துணி எடுக்கவே பெற்றோரிடம் காசில்லை. நாங்கள் என்ன செய்வது?
– அரசுப் பள்ளி ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

பதில்: ஜிகினா வேட்டியை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்துக் கதை ஒன்றையே எடுங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். சுமார் 150 மைல். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று போலீஸ் யாரைக் கேட்பது?

இதில் ராஜாஜி வேடமே வேண்டாம். நாலு பிள்ளைகள் வீட்டில் பொட்டலம் கட்டட்டும், வாழை இலையில், வாழை நாரால். எந்தச் சோறு சாயங்காலம் வரை கெடாது என்று பாட்டியிடம் கேட்டு வரட்டும். இரண்டு பேர் போலீஸ். பள்ளிக்கூடத்து மரம் ஒன்று போதும். கட்டத் தெரியாமல் முடிச்சு அவிழ்ந்து சோறு கொட்டும். கொட்டட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் அடிமை ஏலத்தையே நடித்துக் காட்டினார்களாமே? நம் சாதிக் கொடுமைகளையும் பள்ளிகளில் அப்படி நடிக்க வைத்தால் உறைக்குமல்லவா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தம்பி, நிதானம். வர்ஜினியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய தலைநகரை ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பணத்தில் 1920களிலிருந்து புதுப்பித்தார்கள். பல காலம் அங்கே கண்ணில் பட்டவர்கள் விக் வைத்த கனவான்களும் குடைப் பாவாடைச் சீமாட்டிகளும்தான். 18ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் பாதிப் பேர் கறுப்பர்கள். அவர்களைக் கறுப்பின நடிகர்களே வேடமிட்டுக் காட்டத் தொடங்கியது 1979இல். நீங்கள் சொல்லும் ஏலம் 1994 அக்டோபரில். கறுப்பர் அமைப்புகளிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. எதிர்க்க வந்தவர்களில் ஒருவர் பார்த்த பிறகு மனம் மாறினார்.

ஆனால் நடித்தவர்கள் பயிற்சி பெற்ற பெரியவர்கள், தாங்களே முன்வந்து செய்தவர்கள். உங்கள் வகுப்பில் தனிக் குவளையை யார் கையில் கொடுப்பீர்கள்? அது அவன் வீட்டில் இன்னும் ஆறாத புண்ணாக இருந்தால்? மாசசூசெட்ஸில் பிளிமத் என்ற இடத்து அருங்காட்சியகம் ஒரு வழி காட்டுகிறது. அங்கே ஆங்கிலக் குடியேறிகளாக நடிப்பவர்கள் 17ஆம் நூற்றாண்டைவிட்டு வெளியே வர மாட்டார்கள். செல்போனைக் காட்டினால் விழிப்பார்கள். பக்கத்திலேயே வாம்பனோவாக் பழங்குடியினர் மான்தோல் உடுத்தியிருப்பார்கள், ஆனால் இன்றைய மனிதர்களாகவே பேசுவார்கள். 'எங்கள் முன்னோருக்கு இது நடந்தது' என்று நேராகச் சொல்வார்கள். கொடுமையைச் சொல்ல அதுவே சரி என்பது என் கட்சி. நடிக்கச் சொல்லாதீர்கள், அனுபவித்தவர்களைப் பேச அழையுங்கள்.

கேள்வி: பேத்திக்கு அந்த இரண்டு நாள் பிடித்திருந்ததா, ஐயா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பேனா பிடிக்கவில்லை, விரலெல்லாம் மை. சிலேட்டு பிடித்துவிட்டது. கடையில் ஒன்று வாங்கி வந்தாள். கோவை இலை வேண்டும் என்று என்னைப் படுத்தி எடுத்தாள். மெல்பர்னில் எங்கே போவேன்? குளிர்பெட்டியில் இருந்த பசலைக்கீரையைத் தேய்த்துப் பார்த்தோம். பரவாயில்லை, கொஞ்சம் வழவழப்பு.