ஒரே மாத்திரை, ஒரே அளவு: அண்ணிக்கு ஒத்துக்கொண்டது மகனுக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

கேள்வி: என் மகனுக்கு வயது 26. வலிப்பு நோய்க்காக ஆறு ஆண்டுகளாக ஃபெனிடாயின் மாத்திரையை நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தான். மீண்டும் இருமுறை ஃபிட்ஸ் வந்ததால் மருத்துவர் அதை 400 ஆக உயர்த்தினார். பத்தே நாட்களில் நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. குடித்திருக்கிறானா என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். என் அண்ணி இதே 400 மில்லிகிராமைப் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு நலமாக இருக்கிறார். குறை மாத்திரையிலா, இவன் உடம்பிலா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, விளக்கத்துக்கு முன் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பவை ரத்தத்தில் ஃபெனிடாயின் மிகுந்துவிட்டதன் அறிகுறிகளாகவே தெரிகின்றன. இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை இருசக்கர வாகனம் வேண்டாம். பயந்து மாத்திரையை நீங்களாகவே அடியோடு நிறுத்திவிடவும் வேண்டாம், ஏனெனில் திடீரென நிறுத்தினால் அடங்காத தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

100 மில்லிகிராம் கூடியதற்கா இவ்வளவு என்று நீங்கள் திகைப்பது நியாயமே. பெரும்பாலான மருந்துகளில் அளவு கூடிய விகிதத்திலேயே ரத்தத்தில் உள்ள அளவும் கூடும், ஃபெனிடாயின் அப்படிப்பட்டதன்று. அதைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளுக்கு ஓர் எல்லை உண்டு. ரேஷன் கடையில் பில் போடுபவர் ஒருவரே என்றால், அவர் சமாளிக்கும் வரை வரிசை நகர்ந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் மணிக்குப் பத்துப் பேர் கூடுதலாக வந்தாலும் வரிசை தெருமுனை வரை நீண்டுவிடும். அதுபோல, எல்லையை நெருங்கிய ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு மருந்தைக் கூட்டினால் ரத்தத்தில் அது இரு மடங்குக்கும் மேல் உயரக்கூடும். ஒரு மில்லிலிட்டர் ரத்த நீரில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருப்பதே வழக்கமான வரம்பு. 20-ஐத் தாண்டும்போது பக்கவாட்டில் பார்க்கையில் கண்மணிகள் துடிக்கத் தொடங்கும், 30-ஐ ஒட்டி நடை தள்ளாடும், 40-ஐ நெருங்கினால் மயக்கமும் குழப்பமும் வரும். மகனைத் தரை ஓடுகளின் கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னால், தடுமாற்றம் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. இவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்யும் சிஒய்பி2சி9 என்னும் நொதி, மரபணு மாற்றத்தால் சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். தமிழ்நாட்டு மக்களிலும் இம்மாற்றம் உடையோர் உண்டு. இத்தகையவருக்கு அண்ணியின் அளவு நஞ்சாகலாம். இது மகனின் குறையுமன்று, நீங்கள் வளர்த்த விதத்தின் குறையுமன்று. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் போன்ற மருந்துகளும் இந்த நொதிகளின் வேலையைத் தடுக்கும் என்பதால், மகன் வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஃபெனிடாயினில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டியிருக்கும்; ஒட்டாத மீதியே உடலில் வேலை செய்யும், ஆல்புமின் குறைந்தால் அந்த மீதி கூடிவிடும். உடல் நலிந்து ஆல்புமின் குறைந்தவருக்குப் பரிசோதனை எண் வரம்புக்குள் இருந்தும் நச்சு அறிகுறிகள் தோன்றலாம்.

மாத்திரையையும் சந்தேகிக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், அளவு மாறாமலேயே பலருக்கு ஃபெனிடாயின் நச்சு ஏற்பட்டது. கேப்சூலில் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்த்ததால், குடல் கூடுதல் மருந்தை உறிஞ்சியிருந்தது. ஆகவே, கடைக்காரர் அண்மையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாரா என்று பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவைப் பார்க்கும் பரிசோதனையை நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 400 ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் இம்மருந்தே ஆகாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை: 300-க்கும் 400-க்கும் இடையே 25, 30 மில்லிகிராமாகக் கூட்டிப் பார்க்க இடமிருக்கிறது. அதுவும் பயன்படாவிட்டால், பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறும் லெவெடிராசெட்டம் போன்ற மருந்துக்குப் படிப்படியாக மாற்றலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.